நாலு விரல் கீழே

வீடு மாறியவர்களுக்குத் தெரியும். எவ்வளவு கவனமாக மூட்டை கட்டினாலும் ஏதாவது ஒன்று பழைய வீட்டிலேயே தங்கிவிடும். கதவுக்குப் பின்னால் தொங்கிய சாவியோ, பரண்மேல் வைத்த குடையோ. நான் மாற்றிக்கொண்டிருந்தது வீட்டை இல்லை, ரிப்போர்ட்டுகளை. பழைய டேட்டாபேஸில் வருஷக்கணக்காக ஓடிய ரிப்போர்ட்டுகளைப் புது டேட்டாபேஸுக்கு ஏற்றபடி திரும்ப எழுதி, இரண்டிலும் ஒரே விடை வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. இதைச் சொல்ல ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது.

எங்களுடையது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. ஊரில் பாதிக் கட்டிடங்களின் லிஃப்டுகள் எங்கள் பொறுப்பு. இருக்கிற ரிப்போர்ட்டுகளில் முக்கால்வாசியை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு அந்த வேலையில்தான் தெரிந்தது. எல்லோரும் பார்க்கிற ஒன்று திங்கட்கிழமை லிஸ்ட். கடைசியாகச் சோதித்து அதிக நாளான லிஃப்ட் முதல் வரியில், அடுத்தது அதற்குக் கீழே என்று வரிசையாக வரும். ஒரு பக்கம், முப்பது வரி. அந்த முப்பதுதான் மெக்கானிக்குகளுக்கு அந்த வாரத்து வேலை. முப்பதுக்குக் கீழே இருப்பதைப் பற்றி அந்த வாரம் யாரும் நினைக்க மாட்டார்கள்.

அக்கா குடியிருந்ததும் எங்கள் லிஃப்ட் ஓடும் கட்டிடம் ஒன்றில்தான். எட்டாவது மாடி, ஒரே லிஃப்ட். கல்யாணமாகி எட்டு வருஷம் காத்திருந்து இப்போது ஒன்பதாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதால் மாடிப்படியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வாரா வாரம் பரிசோதனைக்குப் போக அவளுக்கு அந்த லிஃப்டை விட்டால் வழியில்லை.

ஒருநாள் போன் செய்தாள்.

"ஏய், உங்க லிஃப்டுக்கு என்னடி கேடு? தரைக்குச் சமமா நிக்க மாட்டேங்குது. போன மாசம் ஒரு விரல் கீழ நின்னுச்சு. இப்போ ரெண்டு விரல்."

"நீ எதுக்கு விரல் வெச்சு அளந்துட்டு இருக்க?"

"வயிறு மறைக்குது, கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியல. தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா?"

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. கயிறு அண்ணனிடம் சொன்னேன். அவர் மெக்கானிக்குகளுக்கெல்லாம் தலைவர். லிஃப்டைத் தாங்குகிற இரும்புக் கயிற்றைப் பற்றிப் பேசிப் பேசியே அந்தப் பெயர் வந்தது என்று அவர் சொல்வார். அவர் திரிக்கிற கயிற்றுக்காக வைத்த பெயர் என்று ஆபீஸ் சொல்லும். லிஃப்ட் கூரைமேல் மூன்று நாள் உட்கார்ந்து ஊர் சுற்றிய குரங்கு, கண்ணாடி இல்லாத லிஃப்டில் ஏற மறுத்த மணப்பெண் என்று அவரிடம் கதை வற்றாது. அவரை ஒரு கேள்வி கேட்பதற்கு முன் கையில் ஒரு மணி நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படிப்பட்டவர் அன்று மாலை அக்கா வீட்டுக் கட்டிடத்திலிருந்து திரும்பி வந்து ஒரு கதையும் சொல்லவில்லை. கையை மட்டும் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார்.

"பிரேக் பட்டை தேஞ்சு போச்சும்மா. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. லிஃப்ட் சும்மா நழுவாது. முதல்ல விரல் விரலா காட்டிக் குடுக்கும்."

"உடனே மாத்த முடியாதாண்ணே?"

"அந்த அளவுப் பட்டை நம்ம ஸ்டோர்ல இல்ல. சொல்லியிருக்கேன், ரெண்டு நாள்ல வந்துடும். இப்போதைக்கு இறுக்கி விட்டிருக்கேன், ஒரு வாரம் தாங்கும். நீ கவலப்படாத, லிஸ்ட்ல மேல தூக்கிப் போட்டுட்டேன். திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்."

ஒரு வாரத்துக்கு மேல் போனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. முதல் வேலை என்று அவர் சொன்னதே போதுமாக இருந்தது.

அதே வாரக் கடைசியில்தான் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாறுவதாக இருந்தோம். எங்கள் மேனேஜருக்கு ஆபீஸில் பச்சை என்று பெயர். ஒப்பிட்ட ரிப்போர்ட்டில் பழைய கூட்டுத்தொகையும் புதிய கூட்டுத்தொகையும் சமமாக இருந்தால் திரையில் ஒரு பச்சை டிக் விழும். அது விழவிழ அவர் முகத்திலும் வெளிச்சம் விழும். தினமும் சாயங்காலம் எத்தனை பச்சை என்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

திங்கட்கிழமை லிஸ்டுக்கும் பச்சைதான் விழுந்தது. சோதனைக்காக முந்தைய மாதமே எடுத்து வைத்த நகலில் மொத்த லிஃப்டுகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம், கூட்டுத்தொகை சரியாக இருந்தாலும் வரிகளைப் பார்ப்பேன். பழையதில் முதல் மூன்று வரியாக நின்ற மூன்று லிஃப்டுகள் புதியதில் முப்பதுக்குள் இல்லை. முழுப் பட்டியலையும் திறந்து தேடினேன். நூற்றுக்கணக்கான வரிகளைத் தாண்டி, எல்லாவற்றுக்கும் அடியில் மூன்றும் ஒன்றாக நின்றன. மூன்றுக்கும் கடைசியாகச் சோதித்த தேதி என்ற இடம் வெறுமையாக இருந்தது.

பச்சையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"தேதி இல்லாத வரியைப் பழசு முதல்ல வைக்குது சார். புதுசு கடைசில வைக்குது. முப்பதோட வெட்டும்போது இந்த மூணும் போயிடுது."

"மொத்தம் சரியா இருக்கா?"

"மொத்தம் சரி. வரிசைதான்..."

"அப்புறம் என்னம்மா? தேதியே இல்லைன்னா அது எவனோ சோம்பேறித்தனமா நிரப்பாம விட்ட குப்பை. குப்பை மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? இன்னும் நாப்பது ரிப்போர்ட் பாக்கி இருக்கு."

குப்பை என்று எனக்குப் படவில்லை. குப்பை என்றால் அங்கங்கே சிதறிக் கிடக்கும், மூன்று மட்டும் சுத்தமாக வெறுமையாக இருக்காது. கயிறு அண்ணனைத் தேடிப் போனேன். கீழே ஸ்டோர் வாசலில் நான்கைந்து மெக்கானிக்குகள் சூழ்ந்து நிற்க, ஒரு லிஃப்ட் பொத்தானை வருஷக்கணக்காக அழுத்திக்கொண்டிருந்த ஒரு கிளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "இரும்மா, முக்கியமான இடம்" என்று கையைக் காட்டினார். கிளி மூன்றாவது மாடியைத் தாண்டுவதற்குள் மேலேயிருந்து பச்சை என்னைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் பார்த்தால் அண்ணன் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு புதுக் கட்டிடத்தில் லிஃப்ட் பொருத்தும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே போனில் பேச்சு பாதிதான் கேட்கும். திரும்பி வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை புதியது ஓட ஆரம்பித்தது. இனிமேல் லிஸ்ட் காகிதத்தில் வராது, நேராக மெக்கானிக்குகளின் போனுக்கே போகும். இதுவரை அண்ணன்தான் காகிதத்தை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, ஆள் பிரித்துக் கொடுப்பார். இடையிலிருந்த அந்த வேலை மிச்சம் என்பது பச்சைக்குப் பெரிய பெருமை. எல்லோருக்கும் கேக் வெட்டினார். நான் ஒரு கையில் கேக்கோடு அக்காவின் கட்டிட எண்ணைத் தேடினேன். முப்பது வரியில் அது இல்லை.

இல்லை என்றால் என்ன அர்த்தம்? முதல் வேலை என்று அண்ணன் சொல்லியிருந்தார். பட்டை முன்னதாகவே வந்து, அவர் ஊருக்கு வெளியே போகும் முன்பே மாற்றியிருப்பார் என்று நினைத்தேன். சோதித்த லிஃப்ட் லிஸ்டில் வராதுதானே.

அன்று சாயங்காலம் அக்காவே கூப்பிட்டாள்.

"மாத்திட்டாங்களாடி?"

"லிஸ்ட்ல இல்லக்கா. அப்போ மாத்திட்டாங்கன்னுதான் அர்த்தம்."

"யாரும் வந்த மாதிரி தெரியலையே. இப்போ மூணு விரல் கீழ நிக்குது."

"நீ தூங்கும்போது வந்திருப்பாங்க. புதுப் பட்டை அமர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

புதுப் பட்டை அமருமா அமராதா என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் பயப்படக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கயிறு திரிப்பதில் அன்று அண்ணனை நான் மிஞ்சிவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க மெக்கானிக்குகள் முப்பது லிஃப்டுகளையும் பார்த்து முடித்தார்கள். அடுத்த திங்கட்கிழமைக்கு வேறு முப்பது வந்தது. வேலை முன்னைவிட வேகமாக நடக்கிறது என்று பச்சை மேலிடத்துக்கு எழுதினார். அது பொய் இல்லை. எங்கும் நிற்காமல், சுலபமான லிஃப்டுகளாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். கஷ்டமான ஒரு லிஃப்ட்கூட வரவில்லையே என்று ஒரு மெக்கானிக் கேன்டீனில் சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு என்னவோ அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சாப்பாடு இறங்காமல் எழுந்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஆபீஸுக்குள் நுழையும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்திருந்தது. லேசாக வலி இருக்கிறதாம், டாக்டர் போனில் அட்மிட் ஆகச் சொல்லிவிட்டாராம், எட்டரை மணிக்குக் கிளம்புகிறார்களாம். எனக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. பச்சையிடம் மதியம் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கயிறு அண்ணன் ஏதோ கையெழுத்து வாங்குவதற்காக உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, அக்கா எப்படி இருக்கு? பட்டை மாத்தின பிறகு லிஃப்ட் சமமா நிக்குதா?"

"நீங்கதானே மாத்தினீங்க?"

"நான் எங்க மாத்தினேன்? நான் அன்னைக்கே சைட்டுக்குப் போயிட்டேனே. நம்ம பசங்கதான் போன திங்கட்கிழமை மாத்தியிருப்பாங்க. பட்டை வந்து ஸ்டோர்ல இருக்குன்னு சொன்னாங்க."

"லிஸ்ட்ல அந்தக் கட்டிடமே வரலையேண்ணே."

"வராம எங்க போகும்? முதல் வரியா வந்திருக்கும். நான்தான் தேதிய அழிச்சேனே."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "என்ன பண்ணீங்க?"

அவருக்கு என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கிப் போயிற்று. "வழக்கமா பண்றதுதாம்மா. இது அவசரம்னு குறிக்கிறதுக்குப் பழைய சிஸ்டத்துல இடமே கிடையாது. கேட்டோம், முடியாதுன்னுட்டாங்க. அதனால எந்த லிஃப்ட் ஆபத்தா இருக்கோ அதோட தேதிய அழிச்சிடுவோம். பொறந்ததுல இருந்து யாருமே பார்க்காத லிஃப்ட்னு நினைச்சு அது முதல்ல கொண்டுவந்து நிறுத்தும். நான் மட்டுமில்ல, மெக்கானிக் எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

பச்சை குப்பை என்று தள்ளிய மூன்று வரிகள் கண்முன் வந்து நின்றன. மெஷின் முன்னால் உட்கார்ந்து, லிஸ்டை எடுத்து, தேதி இல்லாதவை முதலில் என்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றி ஓட்டினேன். வெறும் தேதிகள் அடியிலிருந்து மேலே வந்தன. இரண்டு வாரமாக மெக்கானிக்குகள் அழித்து அழித்து மேலே அனுப்பியதாக நினைத்தவை, பதினோரு வரி. முதல் வரி அக்காவின் கட்டிடம்.

சுவர்க் கடிகாரம் எட்டரையைத் தாண்டியிருந்தது.

"அக்கா நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல, அடிங்கண்ணே! லிஃப்டுல ஏற வேணாம்னு சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே நான் மாமாவுக்கு அடித்தேன். அக்காவின் கணவர், நிதானமான மனுஷர். நான்காவது மணியில் எடுத்தார்.

"சொல்லும்மா. கிளம்பிட்டோம். லிஃப்ட் வந்து நிக்குது."

"மாமா, ஏறாதீங்க!"

"என்ன? இரு, சரியா கேக்கல. உங்கக்கா போன் வேற பைக்குள்ள அடிக்குது. பைய முதல்லயே லிஃப்டுக்குள்ள வெச்சிட்டேன். இரு, அவ எடுக்கப் போறா..."

அவருக்குப் பின்னால் அந்த மணி எனக்கும் கேட்டது. அடித்துக்கொண்டிருந்தது என் பக்கத்தில் நின்ற அண்ணன்தான். அக்காவை லிஃப்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது நாங்கள்தான்.

"கட் பண்ணுங்கண்ணே! மாமா, அவளைப் பிடிங்க! உள்ள விடாதீங்க, பிடிங்க!"

அண்ணன் போனைக் காதில் வைத்தபடி சிலையாக நின்றுவிட்டார். மணி நிற்கவில்லை. என் காதில் அது மெல்லத் தேய ஆரம்பித்தது. யாரோ அதை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போகிறார்கள் என்பதுபோலத் தேய்ந்துகொண்டே போயிற்று. பிறகு அக்காவின் அலறல் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா! மாமா!"

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது. வெகுநேரம் கழித்துத்தான் குரல் வந்தது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

"பிடிச்சிட்டேன்... பிடிச்சிட்டேன்மா. கதவு திறந்தபடியே கீழ போயிடுச்சு. ஒரு கால் உள்ள வெச்சிருந்தா. இழுத்துட்டேன். ரெண்டு பேரும் தரையில உக்காந்திருக்கோம்."

அக்கா போனைப் பிடுங்கினாள். பல் கிட்டித்துப் போய் வார்த்தை சரியாக வரவில்லை. "செருப்புடி... என் ஒரு செருப்பு அதோட போயிடுச்சு."

நான் அழுதேன். ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள், நாற்காலியில் உட்கார வைத்துப் படி வழியாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று மாமா சொன்னார். குழந்தை அசைகிறது என்று அக்கா இரண்டு முறை சொன்னாள்.

சத்தம் கேட்டுப் பச்சை தன் அறையிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. உடனே அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த ரிப்போர்ட்டுக்கு டிக் போட்டது யாரு?"

வாயில் வந்ததை அப்படியே சொல்லியிருப்பேன். அதற்குள் கயிறு அண்ணன் என் தோளைத் தொட்டார். அவர் பச்சையைப் பார்க்கவே இல்லை. முன்பு காகிதத்தில் வைப்பதுபோலத் திரையில் விரலை வைத்திருந்தார்.

"தங்கச்சி, இது முதல் வரிதாம்மா. இன்னும் பத்து இருக்கு."

மீதிப் பத்தையும் பார்த்தேன். பத்துக் கட்டிடங்கள், பத்து எண்கள். மெக்கானிக்குகள் விரல் வைத்து அளந்து, திங்கட்கிழமையே யாராவது வருவார்கள் என்று நம்பித் தேதியை அழித்துவிட்டு வந்தவை. ஆபீஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லோரும் இறங்கும் நேரம் அது. அண்ணன் கடைசி வரியிலிருந்து போன் அடிக்கத் தொடங்கினார். நான் இரண்டாவது வரியை எடுத்தேன். கட்டிடப் பொறுப்பாளர் என்று ஒரு நம்பர் இருந்தது. அக்காவின் பைக்குள் அடித்த மணியே இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. போன் இருக்கும் இடம் எது என்று தெரியாமல் அடிக்கப் பயமாக இருந்தது. அடிக்காமல் இருக்கவும் முடியாது.

அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே ஒருவர் எடுத்துவிட்டார்.

"சார், லிஃப்ட் கம்பெனியிலேர்ந்து பேசறேன். உங்க லிஃப்டை உடனே நிறுத்தணும். யாரும் ஏறக் கூடாது."

"என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, விட்டு விட்டுக் கேக்குது." அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குரல் உற்சாகமாக எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்பது, எட்டு, ஏழு. "பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன், லிஃப்டுக்குள்ள இருக்கேன். கீழ இறங்கினதும் நானே கூப்பிடறேங்க."

ஆறு என்று அந்தக் குழந்தை சொன்னது. பிறகு லைன் கட்டாகிவிட்டது.